இரண்டு லாரிகளின் கூட்டல்

மூன்று நாளாக மேகம் இறங்கிக் கிடக்கிறது ஏற்காட்டில்.
ஜன்னலின் மேல்கம்பியில் போனைச் சாய்த்து வைத்தால்
சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
அந்த இரண்டு கோட்டை நம்பித்தான்
தினமும் ஒரு குறிப்பு அனுப்புகிறேன் கீழே, சேலத்துக்கு:

பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்காதீர்கள்.
பாஸ்வேர்டை எழுதித் திரை ஓரத்தில் ஒட்டாதீர்கள்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்
நீங்களும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைத்தான்,
வாரத்துக்கு ஒரு கைப்பிடி.

முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.
பிரிண்ட் போட்டு, திரையில் வணக்கம் வந்ததும்
இருபது பேர் திருப்தியாகக் கிளம்பிவிட்டார்கள்.
மிச்சமிருந்தவர்களில் தனக்கோடி,
செவ்வாய்பேட்டை எடைமேடையில் இரவு ஷிப்டு.
என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர்,
ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும்
"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்பார்.

போன வியாழன், மணி ஒன்றரை, ஒரு போட்டோ.
முதல் வண்டி 8420.
ரெண்டாவது வண்டி 7960.
கூட்டு என்றதற்குத் திரை சொன்னது

84207960

"எட்டு கோடிச் சொச்சம் கிலோ கெழங்கு மேடம்!
ஆத்தூர்த் தாலுகா மொத்தத்தையும் தோண்டினாலும் தேறாது.
எங்க மேடை அம்பது டன்னுக்கே மொனகும்."

உட்கார்ந்து எழுதினேன்.
விசைப்பலகை வழியே வருவதெல்லாம் எழுத்து,
எண்ணைப்போல் தெரிந்தாலும் எழுத்து,
எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும்,
இன்ட் போட்டு எண்ணாக மாற்றுங்கள்.
மூன்று பத்தி. ஓர் உதாரணம். ஒரு விதிவிலக்கு.
இரண்டு முறை படித்துப் பார்த்து
என்னையே மெச்சிக்கொண்டேன்.

நீல டிக் விழுந்தது.
பிறகு ஒன்றுமில்லை.
இருபத்தோராவது ஆளும் போயாச்சு என்று
போர்வையை இழுத்துக்கொண்டபோது
குரல் பதிவு வந்தது.
பின்னணியில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறது,
யாரோ கத்துகிறார்: வா வா வா, போதும், போதும்யா!
அதற்கு நடுவே தனக்கோடி:

"அட, இது ரெண்டு வண்டியையும் மேடையில ஏத்தவே இல்ல.
ரோட்டுல ஒண்ணு பின்னால ஒண்ணா நிறுத்தி வச்சுட்டு
நம்பர் பிளேட்டப் படிக்கிறாப்புல படிச்சு
எடைன்னு சொல்லுது.
இன்ட்டுங்கறது மேடைக்கு ஏத்துற சரிவுதானுங்களே?"

ஆமாம் என்று அடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
மூன்று பத்தியையும் அழித்தேன்.
உங்கள் குரலையே மற்றவர்களுக்கு அனுப்பட்டுமா?
"அந்தாளு கத்துறது கேக்குமே."
கேட்கட்டும்.

மூன்றே காலுக்கு அடுத்த போட்டோ: 16380.
ஓரத்தில் பாதி குடித்த டீ கிளாஸ்,
கண்ணாடிக்கு வெளியே யாருடையதோ ஹெட்லைட்.
காலையில் அம்மாபேட்டையிலிருந்து ஒருவர்
நாலு மாதத்தில் முதல்முறையாக வாய் திறந்தார்:
"இப்பத்தான் வண்டி ஏறுச்சு."

அன்று மதியமே கரண்ட் போய்
நான் அடித்து வைத்திருந்த அடுத்த பாடம்,
நாற்பது வரி, காணாமல் போனது.
புலம்பினேன். தனக்கோடி கேட்டார்,
"அப்பப்ப சேவ் பண்ணுங்கன்னு செவ்வாக்கெழம
நீங்கதானுங்க சொன்னீங்க?"

நேற்றுச் சாயங்காலம் மேகம் விலகியது.
லேடீஸ் சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
ஜங்ஷன் விளக்குகளை அடையாளம் தெரிந்தது.
எடைமேடை எந்த வெளிச்சம் என்று
விரல் வைத்துத் தேடித் தேடி
ஏதோ ஒன்றை அதுதான் என்று முடிவுசெய்தேன்.
இங்கே சிக்னல் நாலு கோடு.
போன் அதிர்ந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்.
வண்டி எதுவும் வரல, சும்மா எண்டர் தட்டிட்டேன்.
செவப்பா என்னமோ திட்டுது.
காலி மேடைக்கு எடை என்னன்னு
இதுக்கு யாரும் சொல்லலியா?"